கோர்செட் சட்டை: வாங்குவதா, தைப்பதா, பிளவுஸையே மாற்றுவதா?

முதுகில் நாடா போட்டு இறுக்குகிற, இடுப்பு வரைக்கும் விறைப்பாக நிற்கிற கோர்செட் என்ற அந்த ஐரோப்பிய மேற்சட்டை வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லாரும் முதலில் போனை நீட்டி ஒரு படத்தைத்தான் காட்டுவார்கள். படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் படத்தில் இருக்கிற பெண் சும்மா நிற்கிறாள், அதுவும் ஏசி போட்ட அறையில். எங்கள் பிள்ளை மட்டக்களப்பு வெயிலில், மின்விசிறிக் காற்று எட்டாத மண்டப மேடையில், வசனம் பேசி, ஆடி, நடுவில் மயங்கி விழுகிற காட்சி ஒன்றும் நடித்துவிட்டு எழும்ப வேண்டும். அதனால் துணியையும் நிறத்தையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இதை உடுத்திக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள், எத்தனை மணித்தியாலம் உடுத்தியிருக்க வேண்டும், அடுத்த வருடம் வேறு யாரும் உடுத்துவார்களா என்ற மூன்றையும் முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எந்த வழியில் போவது என்பது பெரும்பாலும் அதிலேயே முடிவாகிவிடும்.

வாடகைக்கு எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பரதநாட்டிய உடுப்பு மாதிரி இது எங்கும் தொங்குகிற சாமான் இல்லை, கிடைத்தாலும் உங்கள் அளவில் கிடைப்பது அதிர்ஷ்டம். கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை, அவ்வளவுதான்.

ஒன்லைனில் வாங்குவது அடுத்தது. தையல் கூலி இல்லை, வீட்டுக்கே வந்துவிடும், பளபளப்பாக இருக்கும். சிக்கல் அளவில் தொடங்குகிறது. ஒழுங்கான கோர்செட்டை இடுப்பளவை வைத்து அங்குலக் கணக்கில் விற்பார்கள். மலிவாக வருகிறவை எஸ், எம், எல் என்று டீசேர்ட் கணக்கில் வரும். உடம்பின் நீளத்தை யாரும் கேட்பதில்லை. மார்புக்குக் கீழிருந்து இடுப்பு வரை குட்டையாக உள்ள பிள்ளைக்கு நீளமான சட்டை வந்து சேர்ந்தால், கதிரையில் உட்கார்ந்ததும் கீழ்விளிம்பு தொடையில் முட்ட, மேல்விளிம்பு தாடையைப் பார்த்து எழும்பும். பொலியெஸ்டர் சாட்டின் வியர்வையை உறிஞ்சாது. சட்டையை விறைப்பாக நிறுத்த உள்ளே வைத்திருப்பது மெல்லிய பிளாஸ்டிக் பட்டி, இடுப்பை இறுக்கியதும் அது மடிந்து, மடிந்த இடம் விலாவில் குத்தும். நின்று பேசுகிற சின்ன வேடத்துக்கும் புகைப்படத்துக்கும் இது போதும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். வாங்குவதென்றால் நிகழ்ச்சிக்கு ஒரு மாதமாவது இருக்கும்போது வாங்குங்கள், ஏனென்றால் பொதி பிந்துவதும் அளவு பிழைப்பதும் பெரும்பாலும் சேர்ந்துதான் வரும். வந்த பிறகு மேல்விளிம்பைப் பிரித்து உள்ளே இருக்கிற பட்டியை உருவிவிட்டு வேறு நல்ல பட்டி போடலாம் என்பது இதில் உள்ள ஒரே ஆறுதல்.

மூன்றாவது வழியை நிறையப் பேர் மலிவாக நினைக்கிறார்கள், எனக்கு அதில் நல்ல மதிப்பு உண்டு: சாறி பிளவுஸ் தைக்கிறவரிடம் போய் 'பிரின்சஸ் கட்' பிளவுஸை இடுப்பு வரை நீட்டித் தைக்கச் சொல்வது. மட்டக்களப்பிலோ காத்தான்குடியிலோ கல்முனையிலோ பிளவுஸ் தைக்கிற அக்காமாரில் இந்த வெட்டுத் தெரியாதவர் குறைவு. கைக்குழியிலிருந்தோ தோளிலிருந்தோ மார்பின் உச்சி வழியாக நேரே இடுப்புக்கு இறங்குகிற அந்தத் தையல்தான் கோர்செட்டின் துண்டு பிரிப்புக்கும் அடிப்படை. முன்பக்கம் மூன்று துண்டு, முதுகுப்பக்கம் நான்கு துண்டு, உள்ளே பருத்தி லைனிங், பக்கத்தில் சிப், முன்னால் அழகுக்கு மட்டும் குறுக்கும் நெடுக்குமாக ஒரு நாடா. பத்து மீற்றர் தள்ளி உட்கார்ந்திருக்கிற சபைக்கு இது கோர்செட்தான். வித்தியாசம் குனியும்போது தெரியும்: பட்டி இல்லாத துணி இடுப்பில் சுருங்கி மேலே ஏறும், ஒவ்வொரு காட்சிக்கும் இடையில் பிள்ளை சட்டையைக் கீழே இழுத்துக்கொண்டே நிற்கும். நடனம் அதிகமாகவும் இறுக்கம் குறைவாகவும் இருக்கிற வேடங்களுக்கு, உதாரணமாகப் பறங்கியரின் கப்ரிஞ்ஞாவை மேடையில் ஆடப்போகிறவர்களுக்கு, இதையே தைக்கச் சொல்வேன். ஆட்டத்துக்கு இடுப்பும் விலாவும் அசைய வேண்டும்.

எலாஸ்டிக் நூலால் சுருக்கித் தைத்து கோர்செட் மாதிரிக் காட்டுகிற சட்டையும் கடைகளில் வருகிறது. இது கோடைகாலச் சட்டை, மேடையில் ராணி உடுத்துகிற உடுப்பு இல்லை. விடுங்கள்.

நான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்வது பாதிக் கோர்செட். அதாவது இரண்டு அடுக்குப் பருத்தித் துணி, தேவையான இடத்தில் மட்டும் விறைப்புப் பட்டி, முதுகில் பொய் நாடா இல்லாமல் உண்மையாகவே இழுத்துக் கட்டுகிற நாடா. பட்டி எங்கே என்றால், முதுகில் நாடா போகும் ஓட்டை வரிசைக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று, அப்படி இரண்டு ஓரத்துக்கும் நாலு. பக்கத் தையலில் இரண்டு. முன்னால் பிரின்சஸ் தையலில் இரண்டு. வேண்டுமென்றால் முன் நடுவில் அருகருகே இரண்டு. பத்துப் பட்டி. முதுகு நாலையும் மட்டும் விட்டுவிடாதீர்கள், அவை இல்லாவிட்டால் நாடாவை இழுத்ததும் துணி மேலும் கீழுமாகச் சுருண்டு முருங்கைக்காய் மாதிரி முடிச்சு முடிச்சாகிவிடும். மற்ற ஆறையும் வேடத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம்.

இந்த வழியின் பெரிய லாபம் முதுகு இடைவெளியில் இருக்கிறது. இடுப்பு 28 அங்குலம் என்றால் சட்டையை 26க்குத் தையுங்கள், முதுகில் 2 அங்குலம் திறந்திருக்கட்டும். அப்போது இடுப்பு ஒரு நூல் அளவும் ஒடுங்காது, ஆனால் சட்டை உடம்போடு ஒட்டி நிற்கும். அதே சட்டையை அடுத்த வருடம் 30 அங்குல இடுப்புள்ள பிள்ளை உடுத்தினால் இடைவெளி 4 அங்குலமாகும், அவ்வளவுதான். இடைவெளிக்குக் கீழே தோல் தெரியாமல் அதே துணியில் ஒரு அகலப் பட்டையை ஒரு பக்கத்தில் மட்டும் தைத்து விட்டால் போதும். பாடசாலைக்கோ கோயில் பங்குக்கோ தைக்கிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும், ஏனென்றால் அங்கே உடுப்பு ஒன்று, பிள்ளைகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். சிப் வைத்த சட்டை ஒரு உடம்புக்குத்தான். கட்டி முடித்த பிறகு இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். மேலே அகன்று கீழே ஒடுங்கினால் மார்புப் பக்கம் துணி போதவில்லை, கீழே அகன்றால் இடுப்பெலும்புக்கு இடம் விடவில்லை என்று அர்த்தம்.

முழு ஸ்டீல் கோர்செட்டை எப்போது தைக்கலாம்? ஸ்டீல் பட்டி இருபதுக்குக் கிட்ட வரும், இடுப்பைச் சுற்றி உள்ளே இழுபடாத நாடா ஒன்று தைக்க வேண்டும், முன்னால் கொக்கியும் குமிழும் உள்ள ஸ்டீல் தகடு வேண்டும், இவை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வேலையும் செலவும் இரண்டு மடங்குக்கு மேல். பாட்டு, ஆட்டம் உள்ள வேடத்துக்கு இதைத் தைக்காதீர்கள், உதரவிதானம் இறங்க இடம் இல்லாமல் குரல் பாதியில் அறும். ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் இது வேலைக்குத் தக்க செலவு: கீழே வளையம் வைத்த பெரிய பாவாடை இருக்கும்போது. பாவாடையின் பாரம் முழுவதும் ஒரு நாடாவில் இடுப்பை வெட்டிக்கொண்டு தொங்கும். கோர்செட் அந்தப் பாரத்தை உடம்பைச் சுற்றிப் பரப்பிக் கொடுக்கும். வடமோடிக் கூத்தில் கூடை மாதிரி விரிந்து நிற்கிற கரப்புடுப்போடு ஆடினவர்களைக் கேட்டால் இடுப்பில் பாரம் தொங்குவது எப்படி இருக்கும் என்று சொல்வார்கள். வளையப் பாவாடை இல்லை, நடையும் நிற்பதும்தான் வேடம் என்றால் முழு ஸ்டீல் வீண் செலவு.

இனி பட்டி. எல்லாரும் துணியைத் தெரிவதில் மூன்று கடை ஏறி இறங்குகிறார்கள், பட்டியைக் கடைசி நாளில் தேடுகிறார்கள். சட்டை எப்படி நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது பட்டிதான்.

பழைய காலத்தில் ஐரோப்பாவில் திமிங்கிலத்தின் வாயிலிருக்கிற சல்லடைத் தகட்டைக் கீறிப் போட்டார்கள், அது கிடைக்காதவர்களும் வாங்கக் காசில்லாதவர்களும் நாணல் போன்ற புற்தண்டுகளைக் கட்டாகச் சேர்த்துத் திணித்தார்கள். இந்த இரண்டாவது வழியைக் கேட்டதும் எனக்குத் தென்னோலை ஈர்க்குத்தான் ஞாபகம் வந்தது. நன்றாகக் காய்ந்த ஈர்க்கை, அடிமுனையும் நுனிமுனையும் மாறி மாறி வரும்படி நாலைந்தாகச் சேர்த்து, இரண்டு துணிக்கு நடுவில் தைத்த நெருக்கமான குழலில் செருகினால் முன்பக்கம் தட்டையாக நிற்கிற சட்டைக்கு ஒரு மேடை தாங்கும். செலவு இல்லை, பாரம் இல்லை. ஆனால் இடுப்பில் மடிகிற இடத்தில் முறியும், முறிந்தால் ஊசி மாதிரிக் குத்திக்கொண்டு வெளியே வரும். குனிந்து நிமிர்கிற வேடத்துக்கு ஈர்க்கு வேண்டாம்.

கடையில் மீற்றர் கணக்கில் வாங்குகிற, ஊசி உள்ளே போகிற பிளாஸ்டிக் பட்டி ஒன்று இருக்கிறது, மணப்பெண் கவுன் தைக்கிறவர்கள் பாவிப்பது. தோளில்லாத கவுனின் மேல்விளிம்பு விழாமல் பிடிக்க அது போதும். இழுத்துக் கட்டுகிற இடுப்பைத் தாங்க அது போதாது.

என் தெரிவு கேபிள் டை. வயர் கட்டுகிற அதேதான், மின்சாரச் சாமான் கடைகளில் கிடைக்கிறது. சின்னது வேண்டாம், 7 முதல் 9 மில்லிமீற்றர் அகலமும் சட்டையின் நீளத்துக்குக் குறையாத நீளமும் உள்ள தடித்தது. தலையை வெட்டி எறிந்துவிட்டு, அளவுக்கு வெட்டி, மூலையை வட்டமாக்கி, மெழுகுவர்த்தியில் ஒரு கணம் காட்டி முனையை மழுப்புங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது ஒத்திகையிலேயே துணியைத் துளைக்கும். நீளம் குழலைவிட 1 சென்ரிமீற்றராவது குறைவாக இருக்க வேண்டும், குழல் பட்டியைவிட 2 மில்லிமீற்றர் அகலமாக இருந்தால் போதும், அதற்கு மேல் அகன்றால் பட்டி உள்ளே புரளும். முதுகு ஓட்டைகளின் பக்கம் இரண்டிரண்டாக அடுக்கிப் போட்டால் இன்னும் நேராக நிற்கும். நைலோன் என்பதால் துருப்பிடிக்காது, துவைக்கலாம். இதற்கும் ஒரு குறை உண்டு. உடம்புச் சூட்டில் மெல்ல மெல்ல உடுத்தினவரின் வளைவுக்கு ஏற்ப வளைந்துவிடும். பத்துப் பதினைந்து தடவை உடுத்திய பிறகு உருவி எடுத்துப் பார்த்தால் தெரியும். அதனால் மேல்விளிம்பைக் கைத்தையலால் மட்டும் மூடுங்கள், பிரித்துப் புதியதை மாற்றிப் போட இலகு.

ஸ்டீல் பட்டி இரண்டு வகை. தட்டையானது ஒரு பக்கத்துக்கு மட்டும் வளையும், சுருள் கம்பியால் ஆனது எல்லாப் பக்கமும் வளையும். முதுகுக்குத் தட்டை, வளைகிற பக்கத் தையலுக்குச் சுருள் என்பது பொது வழக்கம். வெட்டின முனைக்கு உறை போடாமலோ பூச்சு இல்லாமலோ போட்டால் வியர்வையில் துருப்பிடித்து வெள்ளைத் துணியில் பழுப்புக் கோடு விழும். அதுவும் எங்கள் பக்கத்தில் கிறிஸ்மஸ் நாடகம் வருவது வடகீழ்ப் பருவ மழைக்குள். நிகழ்ச்சி முடிந்து பெட்டிக்குள் வைத்த ஸ்டீல் சட்டையைத் தை பிறந்து எடுத்தால் பட்டி எங்கெங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்தே எண்ணலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனோ யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பட்டிகளைக் குறைத்து, இரண்டு துணிக்கு நடுவில் பருத்திக் கயிற்றை நெருக்க நெருக்க வரிசையாகத் தைத்த கோர்செட்டுகள் இருந்தன. கயிறு நெருங்க நெருங்கத் துணி விறைக்கும், ஆனால் உடம்போடு வளையும், அப்படியே தண்ணீரில் போட்டுத் துவைக்கலாம். சின்னப் பிள்ளைகளின் வேடத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு எந்தப் பட்டியும் போடாதீர்கள், இடுப்பை இறுக்கவும் வேண்டாம், முதுகு நாடா அழகுக்குத் தொங்கட்டும். கயிறு தைக்கப் பொறுமை வேண்டும், மெஷினுக்குச் சிப் தைக்கிற ஒற்றைக்கால் பாதம் வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

எந்தக் காலத்து உடுப்பு என்பதும் முடிவை மாற்றும், அதுவும் பல நேரம் வேலையைக் குறைக்கிற பக்கமாக. இங்கே வரலாற்று நாடகம் என்றால் பெரும்பாலும் புளியந்தீவுக் கோட்டைக் கதைதான் மேடைக்கு வரும்: 1628இல் போர்த்துக்கேயர் கட்டினது, 1638இல் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் பிடித்தது. அதில் வருகிற ஒரு தளபதியின் மனைவிக்கு, மணல்கடிகாரம் மாதிரி இடுப்பு ஒடுங்கி மேலும் கீழும் விரிகிற கோர்செட்டைத் தைத்தால் கிட்டத்தட்ட இருநூறு வருடம் முந்திப் போய்விடும். அந்த உருவம் விக்ரோரியா ராணி காலத்தது. நாடா போகும் ஓட்டைக்கு அடிக்கிற உலோக வளையமான ஐலெட்டே 1820களில்தான் வந்தது. 1630களில் ஐரோப்பியப் பெண்களின் சட்டை உயர்ந்த இடுப்பு, தட்டையான முன்பக்கம், கீழ்விளிம்பில் பிரிந்து நிற்கிற துணி நாக்குகள், பெரிய கை, தோளை மூடுகிற சரிகைக் கழுத்துப்பட்டி என்று இருந்தது. தைக்கிறவருக்கு இது நல்ல செய்தி. வளைந்த துண்டுகள் இல்லை, மார்புக்கும் இடுப்புக்கும் நடுவில் நுணுக்கமான வளைவு வெட்டத் தேவையில்லை, கிட்டத்தட்ட நேர் தையல். முன் நடுவில் ஒரு மரத்தகட்டைச் செருகுவது அந்த நூற்றாண்டுகளில் வழக்கம். பாடசாலைப் பிள்ளைகளின் மரத்தாலான அடிமட்டத்தை அளவுக்கு வெட்டி, விளிம்பைத் தேய்த்து, தனிக் குழலில் போட்டால் அதே வேலையைச் செய்யும். உட்காரும் காட்சிக்கு முன் உருவி எடுத்துவிடலாம்.

அதற்கு மாறாக 1800ஐ ஒட்டின ஆங்கிலேயர் காலத் தொடக்கம் என்றால் கோர்செட் வெளியே தெரியவே தெரியாது. மார்புக்குக் கீழேயே பாவாடை தொடங்குகிற மெல்லிய கவுன் போதும், காசையும் வேலையையும் மிச்சம் பிடியுங்கள். தேவதைக் கதை இளவரசி என்றால் காலக்கணக்கு யாரும் கேட்கப்போவதில்லை, வெட்டத் தெரிந்த வெட்டை வெட்டுங்கள்.

துணிக்கு வருகிறேன். வெளியே தெரிகிற துணி என்னவாகவும் இருக்கலாம், பழைய பட்டுச் சாறியின் முந்தானையும் சரி. பாரம் தாங்குவது உள்ளே இருக்கிற துணி. மேல்நாட்டில் இதற்கென்றே நெருக்கமாக நெய்த துணி விற்பார்கள், இங்கே அதைத் தேடி அலைய வேண்டாம். இலவம்பஞ்சு மெத்தைக்கு உறை தைக்கிற கோடு போட்ட துணியைப் பாருங்கள். பஞ்சு வெளியே வராமல் இருக்க நெருக்கி நெய்தது, அந்த நெருக்கம்தான் எங்களுக்கு வேண்டியது. அது இல்லாவிட்டால் காற்சட்டை தைக்கிற டிரில். மருதமுனைக் கைத்தறியை வெளித்துணிக்கு மனம் நிறைந்து சொல்வேன், பருத்தி, நிறம் அழகு, சூட்டுக்கும் இதம். ஆனால் அதை மட்டும் நம்பி இழுத்துக் கட்டினால் தையலோரம் இழை விலகும், உள்ளே மெத்தைத் துணியோ டிரில்லோ இருக்கட்டும். எந்தத் துணியானாலும் கடையிலேயே இரண்டு கையாலும் பிடித்துப் பாவுப் பக்கமாகவும் ஊடைப் பக்கமாகவும் இழுத்துப் பாருங்கள். குறைவாக இழுபடுகிற பக்கம் இடுப்பைச் சுற்றி வரும்படி வெட்ட வேண்டும். 45 அங்குல அகலத்தில் உள்ளுக்கு ஒன்றரை மீற்றர், வெளிக்கு ஒன்றரை மீற்றர், தாராளமாகப் போதும். வெட்ட முன் இரண்டையும் நனைத்துக் காயப்போட்டு அழுத்துங்கள், சுருங்குவது இப்போதே சுருங்கட்டும்.

முதலில் பழைய படுக்கை விரிப்பில் ஒரு மாதிரி தைத்துப் போட்டுப் பார்க்காமல் நல்ல துணியில் கத்தரி வைக்க வேண்டாம். மாதிரியிலும் முதுகுப் பட்டி நாலும் இருக்க வேண்டும், ஓட்டைக்குப் பதிலாக ஊக்கு குத்தலாம். போட்டதும் கையை மேலே தூக்கச் சொல்லுங்கள், உட்காரச் சொல்லுங்கள், வசனம் இருந்தால் உரத்துச் சொல்லச் சொல்லுங்கள், பாட்டு இருந்தால் அதன் உச்ச வரியைப் பாடச் சொல்லுங்கள். "மாமி, மேல் வரிக்கு மூச்சு வருகுதில்ல" என்றால் "சரி மகள், ரெண்டு விரல் இளக்கி விடுறன்" என்று இளக்கிவிட வேண்டும், "மேடையில் சரியாகும்" என்று சொல்லக்கூடாது. மேடையில் பதற்றத்தில் மூச்சு இன்னும் மேலோட்டமாகத்தான் வரும். இழுப்பு நோய் (ஆஸ்துமா) உள்ள பிள்ளைக்கு முதுகு நாடாவே வேண்டாம், பிளவுஸ் வழிக்குப் போங்கள்.

ஓட்டைகளுக்கு மூன்று தெரிவு. சுத்தியலால் அடிக்கிற இரண்டு துண்டு உலோக ஐலெட், சப்பாத்துத் தைக்கிறவரிடமும் படங்கு தைக்கிறவரிடமும் அடித்துக்கொள்ளலாம். உள்விட்டம் 5 மில்லிமீற்றர் போதும், ஒரு அங்குலத்துக்கு ஒன்று என்றால் பக்கத்துக்குப் பன்னிரண்டு, மொத்தம் 24. அடிக்க முன் துணியை வெட்டி ஓட்டை போடாமல், குத்தூசியால் இழையை விலக்கிப் பெரிதாக்கினால் பிய்ந்து வராது. ஒற்றைத் துண்டு ஐலெட் வேண்டவே வேண்டாம், பின்பக்கம் பிரிந்து நாடாவை அறுக்கும். இரண்டாவது, தெறி ஓட்டைத் தையலால் கையால் சுற்றித் தைப்பது: நேரம் எடுக்கும், காசு இல்லை, 1820க்கு முந்திய காலத்துக்குச் சரியானதும் அதுதான். மூன்றாவது, ஓட்டையே இல்லாமல் துணி வளையங்களை ஓரத்தில் வைத்துத் தைப்பது. மெல்லிய துணிக்கும் அவசரத்துக்கும் இது நல்லது, பாரமாக இழுக்க முடியாது. நாடா ஐந்து மீற்றருக்குக் குறையக்கூடாது. மீன்பிடிச் சாமான் கடை நைலோன் கயிறு வழுக்கிக்கொண்டு ஓடும், கட்ட இலகு, முடிச்சு நிற்காது. பாவாடை நாடா பிடித்து நிற்கும், ஆனால் இழுக்கக் கை நோகும். நான் பாவாடை நாடாவின் பக்கம்.

யாரிடம் தைக்கக் கொடுப்பது என்று கேட்பீர்கள். பிளவுஸ் வழிக்குப் பிளவுஸ் தைக்கிறவர். பாதிக் கோர்செட்டுக்கு, உள்ளாடை தைக்கிற காமெண்ட்ஸில் வேலை செய்து வந்த அக்கா ஒருவர் உங்கள் ஒழுங்கையில் இருந்தால் அவரிடம் போங்கள். குழல் தைப்பதும், கம்பி முனை குத்தாமல் மூடுவதும், வளைவில் துணியை இழுக்காமல் பொருத்துவதும் அவர் கையில் ஏற்கனவே இருக்கிற வேலை. கல்லடியில் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் படிக்கிற பிள்ளைகள் யாராவது தெரிந்தால் அவர்களையும் விசாரியுங்கள், மேடையில் உடுப்பு எப்படி அசைய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். நீங்களே தைப்பதென்றால் பழைய மிதி மெஷின் இதற்கு மோசமில்லை, மெதுவாக ஓடினாலும் நாலு அடுக்குத் துணியைத் தாண்டும். 16ஆம் இலக்க ஊசி, சின்னத் தையல், பட்டியைத் தைத்து முடித்த பிறகு செருகுவது, இவ்வளவுதான்.

உடுத்தும்போது உள்ளே மெல்லிய பருத்திப் பெனியன் ஒன்று கட்டாயம், வியர்வை அதிலேயே நிற்கட்டும், துவைக்க வேண்டியதும் அதை மட்டும்தான். மேல்நாட்டு நாடகக் குழுக்களில் துவைக்க முடியாத உடுப்புக்கு வொட்காவைத் தண்ணீரில் கலந்து தெளிப்பார்கள், நாற்றம் போய்விடும் என்று. எங்கள் வீட்டில் அதைக் கேட்டுப் போத்தல் வாங்கினால் என்ன பேச்சு வரும் என்று நினைத்துப் பார்த்து, நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுவதோடு நிறுத்திக்கொண்டேன்.

நாள் கணக்கு இதுதான். ஒரு மாதம் இருக்கிறது, வளையப் பாவாடையும் இருக்கிறது, காசும் இருக்கிறது என்றால் முழு ஸ்டீல். இரண்டு கிழமை இருந்தால் மாதிரியும் தைத்துப் பார்த்துப் பாதிக் கோர்செட். நாலைந்து நாள்தான் என்றால் பிளவுஸ்காரரிடம் ஓடுங்கள், ஆனால் பக்கத்தில் சிப் வைக்காமல் முதுகைத் திறந்தே விடச் சொல்லி, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கேபிள் டையும் துணி வளையமும் வைத்துத் தரச் சொல்லுங்கள். நாளைக்குத்தான் நிகழ்ச்சி என்றால் வீட்டில் இருக்கிற நல்ல பிளவுஸின் மேல், டிரில்லில் ஒரு அகல இடுப்புப் பட்டி தைத்து, பக்கத்துக்கு ஆறு ஓட்டை குத்தி, முன்னால் நாடா கட்டி அனுப்புங்கள்.